ஆளுக்கொரு வெர்ப்

கல்மண்டபத்தில் எங்கள் சந்துக்குள் நுழைந்து "லுக் வூடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட ரமாபாய் வீட்டு பால்கனியைக் காட்டும். "வாட்ச்" என்றால் மீன் விற்கும் கோவிந்தம்மா. "ஸீ" என்றால் முனையில் டீக்கடை வைத்திருக்கும் மஜீது பாய். இப்படி இங்கிலீஷைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் சந்தில் குடிவைத்தவள் கௌசரக்கா. அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் மன்னித்து விட்டுவிட்டோம். அதனால் பிழை இருந்தால் நீங்களும் அப்படியே விட்டுவிடுங்கள்.

கௌசரக்காவுக்கு முப்பது தாண்டிவிட்டது. காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போது அவள் அத்தா இறந்துபோனார். படிப்பை நிறுத்திவிட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். கப்பல் எப்போது வரும், கண்டெய்னர் எங்கே நிற்கிறது, எல்லாமே இங்கிலீஷ். ஒருநாள் யார்டுக்குப் போய் ஒரு கண்டெய்னரின் சீலைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். போய் வந்து, "ஐ ஸா த சீல் சார்" என்றாள். நம்பர் என்ன என்று கேட்டார் முதலாளி. தெரியவில்லை. "கண்ணுல பட்டுதா, நீ பார்த்தியாம்மா? ஸீ வேற, லுக் வேற" என்றார். ஆபீஸே சிரித்தது.

அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா நடந்தே வந்திருக்கிறாள். சந்தில் நுழைந்ததும் மேலே பால்கனியில் ரமாபாய். பாதி உடம்பு கம்பிக்கு வெளியே. அக்கா கையிலிருந்த பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் உள்ளே போகமாட்டார். முனையில் மஜீது பாய் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். யார் வந்தார், யார் போனார், எல்லாம் அவர் கண்ணில் விழும். ஆனால் அவர் எதையும் தேடிப் பார்க்கிறவர் இல்லை. கீழே கோவிந்தம்மா மீன் கூடைக்கும் பூனைக்கும் நடுவில் கண்ணை நட்டுவைத்து உட்கார்ந்திருந்தார். பூனை அசைந்தால் கண்ணும் அசையும்.

"லுக்கு, ஸீ, வாட்ச், மூணும் ஒரே தெருவுல குந்திகினு கீது. நான் போய் ஆபீஸ்ல முழிச்சுகினு நின்னேன்" என்பாள் அக்கா.

அங்கே ஆரம்பித்ததுதான் அவள் வகுப்பு. ஆபீஸ் வேலையை விட்ட பிறகு, பகலில் வீட்டில் மெஷின் போட்டு புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள். சாயங்காலம் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னறையில் பாய் விரிப்பாள். யார்டில் வேலை பார்க்கும் பையன்கள், கப்பலுக்குப் போக நினைப்பவர்கள், பிள்ளையின் மிஸ்ஸிடம் பேசவேண்டிய அம்மாக்கள், எல்லாரும் வருவார்கள். புத்தகம் கிடையாது. ஒரு ஆளுக்கு ஒரு வெர்ப், அவ்வளவுதான். ஆளைத் தெரிந்தால் அர்த்தம் தெரிந்தது.

ரமாபாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் ராத்திரியோடு ராத்திரியாக அவர் பால்கனிக்குக் கீழே சாக்பீஸில் "லுக்" என்று எழுதி அம்புக்குறி போட்டுவிட்டேன்.

"எவ எழுதனது? ஏ நவ்ரீனு, நீதானே?"

"நான் இல்ல பாய்ம்மா."

"நீ இல்லாங்காட்டி போ. எழுதனவகிட்ட சொல்லு, எழுத்து சின்னதா கீது. நல்லா பெருசா எழுதச் சொல்லு."

எனக்கும் ஒரு வெர்ப் உண்டு. ஸேவுக்கும் டெல்லுக்கும் அக்கா சொன்ன பாடம் இது: "தண்ணி லாரி வருதுன்னு ஆட்டோல மைக் கட்டிகினு சொல்லிகினு போறான் பாரு, அது ஸே. வாயிலருந்து வந்தாச்சு, அவன் வேலை முடிஞ்சுது. எவன் காதுல வுழுந்துதுன்னு அவனுக்குக் கவலை இல்ல. டெல்லுன்னா ஒருத்தர்கிட்ட போய்ச் சேரணும். டெல்லு நம்ம நவ்ரீனு. இவகிட்ட ஒரு சங்கதிய வுட்டா போதும், யாருக்குத் தெரியக்கூடாதோ கரெக்டா அவங்க வூட்டு வாசல்ல போய் நிக்கும்."

வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மைக்கு என்ன செய்வது.

ஹியர், லிசன் பாடம்தான் எல்லாருக்கும் பிடிக்கும். "நாம எல்லாத்துக்கும் கேட்டேன், கேட்டேன்னு சொல்லிட்டுப் போயிடறோம். யார்டுல ரயில் ஊதுது, நமக்குக் கேக்குது. வேணும்னாலும் கேக்கும், வேணாம்னாலும் கேக்கும். அது ஹியர். அது இந்தத் தெரு மொத்தத்துக்கும். லிசன் அப்டி இல்ல. கையில கீற வேலைய வெச்சுட்டு, மூஞ்சியப் பார்த்து, ஒண்ணுவுடாம உள்ள வாங்கிக்கணும். அப்டி ஒருத்திதான் கீறா" என்று சொல்லி அக்கா பாயின் ஓரத்தைப் பார்ப்பாள். அங்கே சுஜாக்கா உட்கார்ந்திருப்பாள். முகமெல்லாம் சிவந்துவிடும் அவளுக்கு.

சுஜாக்காவும் கௌசரக்காவும் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச். சுஜாக்கா வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் பார்ப்பவர்கள். ஆபீஸில் சிரித்த கதையை கௌசரக்கா முதன்முதலில் சொன்னது சுஜாக்காவிடம்தான். ரமாபாய்தான் லுக் என்று அக்கா முதலில் சொன்னதும் அவளிடம்தான். தினமும் கடையை மூடிவிட்டு வந்து, ஃபால்ஸ் அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அன்றைக்கு அக்காவுக்குத் தோன்றியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். "அப்பால?" என்பாள். "அப்போ மொறைச்சுப் பாக்கற ஸ்டேருக்கு யாரு?" என்பாள். அவள் கேட்கக் கேட்கத்தான் அக்காவுக்குப் பாடமே வளர்ந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

கௌசரக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் எந்த போட்டோவிலும் இருக்கமாட்டாள். வீட்டில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "ஆதார் கார்டுக்கு ஒண்ணு குட்த்தேன், அது போதும்" என்பாள். வகுப்பில் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள். போனைத் தூக்கினால் மட்டும் விலகிவிடுவாள். எங்கள் சந்தில் யார் செல்ஃபி எடுத்தாலும் முதலில் "கௌசரு, கேமரா!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். கல்யாண மேடையில் எல்லாரும் வரிசையாக நின்று சிரிக்கும்போது, எல்லாருடைய கைப்பையையும் தோளில் மாட்டிக்கொண்டு கீழே நிற்கிறாளே ஒருத்தி, அவள்தான் கௌசரக்கா.

மாத்தூரில் எபினேசர் சார் என்று ஒருவர் புதிதாக ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் திறக்கப்போகிறார் என்று சுஜாக்காதான் கேள்விப்பட்டு வந்தாள். சுத்துவட்டாரத்து கம்பெனிகளில் வேலை தேடும் பிள்ளைகளுக்கான இடம். சாருக்கு ஒரு டீச்சர் வேண்டும், டிகிரி முக்கியமில்லை, பாடம் எடுக்கும் விதம் முக்கியம், ஆனால் ஆளை எடுப்பதற்கு முன்னால் வீடியோ அனுப்பவேண்டும்.

அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு ஆசைப்பட்டாள். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மெஷினை நிறுத்திவிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "மெய்யாலுமே டீச்சருன்னு கூப்ட்டுக் கூலி குடுப்பாங்களாடி? போர்டு, பெஞ்ச் எல்லாம் இருக்குமா?" என்று கேட்டாள். பிறகு, "வீடியோன்னா நான் வரல" என்றாள்.

"நீ வராத. நான் முன்னாடி நிக்கறேன், நீ பின்னாடி நின்னு சொல்லிக்குடு" என்றாள் சுஜாக்கா. "சார்கிட்ட நான் நேர்ல போய்ச் சொல்லிடறேன், மெத்தட் கௌசரோடது, டீச்சர் அவதான், வீடியோல வரமாட்டா, கிளாஸ்ல வருவான்னு. போதுமா?"

"மறக்காம சொல்லுடி."

"ஏய், நான் மறப்பேனா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். போனைப் பிடித்தது நான். நிமிர்த்தி வைத்த கட்டிலுக்குப் பின்னால் அக்கா மறைந்து நின்று ஒரு வரி சொல்வாள், சுஜாக்கா கேமராவைப் பார்த்து அதையே சொல்வாள். பூனையைப் பற்றிச் சொல்லும்போது சுஜாக்கா "மியாவ்" என்று சேர்த்துவிட்டாள். அக்கா கட்டிலுக்குப் பின்னாலிருந்து சிரித்த சிரிப்பில் கட்டில் சாய்ந்து சுஜாக்கா தலையில் விழப்பார்த்தது. அக்காவின் குரலை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினோம். வெட்டாதது என் போனில் இருந்தது.

பிறகு கொஞ்ச நாள் சுஜாக்கா வரவில்லை. கடையில் சரக்கு வந்திருக்கிறது என்றாள், அம்மாவுக்கு முட்டிவலி என்றாள். அக்கா நம்பினாள். "பாவம், அலையறா" என்று அவள் வீட்டுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனவள் நான்தான்.

ஒருநாள் சாயங்காலம் வகுப்பு தொடங்கும் நேரம், ரமாபாய் சந்தே அதிர ஓடிவந்தார்.

"அடியே கௌசரு! என் பேரு ஆட்டோல வந்துகீது! வெளிய வந்து பாருடி!"

மஜீது பாய் கடை முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. முதுகில் புத்தம்புது பேனர். மாத்தூர் சென்டரின் பேர். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் "ரமாபாய் லுக் பண்ணுவாங்க, மஜீது பாய் ஸீ பண்ணுவாரு... நீங்க?" என்று ஒரு வரி. பக்கத்தில் சுஜாக்கா, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி. "வெர்ப் ஸ்பெஷலிஸ்ட் சுஜா மிஸ் உருவாக்கிய புதிய முறை."

ரமாபாய் தன் பேரின் மேல் விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தார். "மஜீது, உன் பேரும் கீதுய்யா!" மஜீது பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோவிந்தம்மா, "என் பேரு எங்க? என் பேர வுட்டுட்டாளா அவ?" என்று சண்டைக்கு வந்தார்.

அக்கா பேனரின் கீழ் மூலை வரை படித்தாள். அங்கே பிரிண்டிங் பிரஸ்ஸின் போன் நம்பர்வரை இருந்தது. அவள் பேர் இல்லை. ஆட்டோ கிளம்பிப் போயிற்று. "இன்னிக்கு கிளாஸ் கீதுல்ல, வாங்க" என்று எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு, வழக்கம்போல பாடம் எடுத்தாள். அன்றைக்கு அவள் எடுத்த பாடம் யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்குமே.

முடிந்ததும் என்னிடம், "அவ சார்கிட்ட சொல்லியிருப்பா. பேனர் அடிச்சவன் வுட்டிருப்பான். நாளைக்கு போய் கேட்டுட்டு வரலாம், நீ வா" என்றாள்.

போனேன். சும்மா போகவில்லை. எங்கள் வாப்பாவின் செல்போன் கடையிலிருந்து ஒரு புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து துப்பட்டாவுக்குள் போட்டுக்கொண்டேன். வெட்டாத வீடியோ போனில் தயாராக இருந்தது. கட்டிலுக்குப் பின்னாலிருந்து வரும் அக்காவின் குரல் அந்த சென்டர் முழுக்க ஒலித்தால் எப்படி இருக்கும் என்று திருவொற்றியூர் வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அங்கே பஸ் மாறினோம். மணலி ஃபேக்டரி நாற்றம் வந்ததும் அக்கா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். வழி முழுக்க அவள் பேசிய ஒரே வார்த்தை, "சொல்லியிருப்பாடி."

சென்டரில் இலவச வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெஞ்ச், வெள்ளை போர்டு, எல்லாம் இருந்தது. ஓரத்தில் எபினேசர் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். சுஜாக்கா எங்களைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த மார்க்கர் கொஞ்சம் நின்று, மறுபடி எழுத ஆரம்பித்தது.

நன்றாகத்தான் எடுத்தாள். தண்ணி லாரி ஆட்டோ வந்தது. பூனை வந்தது, மியாவ் வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். யார்டு ரயில் ஊதியது. பிறகு போர்டில் லிசன் என்று எழுதினாள். அக்கா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"லிசன்னா மூஞ்சியப் பார்த்து, ஒண்ணுவிடாம உள்ள வாங்கிக்கறது. எனக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கா, பேரு கௌசர்" என்றாள் சுஜாக்கா. "துணி தைக்கறா. நான் இந்தப் பாடம் எல்லாம் யோசிச்சு யோசிச்சு அவகிட்டதான் முதல்ல சொல்லுவேன். பாவம், எல்லாத்தையும் பொறுமையா லிசன் பண்ணிகினு இருப்பா. இப்பகூட பின்னாடி உக்காந்து லிசன் பண்றா பாருங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எபினேசர் சார் அக்காவைப் பார்த்துத் தலையசைத்து வணக்கம் வைத்தார். நல்ல மனுஷன். அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது அந்த வணக்கத்திலேயே தெரிந்தது.

என் கை துப்பட்டாவுக்குள் போய் ஸ்பீக்கரின் பட்டனைத் தேடியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முடியும்வரை விடவில்லை.

வெளியே மாடிப்படிக்குக் கீழே சுஜாக்கா எங்களிடம் வந்தாள். வேகமாக வந்தாள், கிட்டே வந்ததும் நடை குறைந்தது.

"உன் பேரைச் சொன்னேன்ல?" என்றாள்.

"சொன்ன, சொன்ன. ஆட்டோ மைக்ல சொல்ற மாதிரி சொன்ன" என்றாள் அக்கா. "சார்கிட்ட போய்ச் சொன்னியா?"

சுஜாக்கா என்னைப் பார்த்தாள். நான் எங்கும் போகவில்லை.

"சொல்லலாம்னுதான் போனேன் கௌசரு. சத்தியமா. வீடியோவைப் பார்த்துட்டு சார், நீங்க பிரமாதமா எடுக்கறீங்கன்னாரு. என்னை ஒருத்தர் அப்டி சொன்னதே இல்லடி. கடையில பக்கெட் எண்ணிகினு கெடந்தவ நான். இன்னொரு நாள் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். அப்பால பேனர் அடிச்சுட்டாங்க." பிறகு, "நீதான் மூஞ்சி காட்டமாட்டேன்னுட்ட. மூஞ்சி இல்லாத டீச்சரை எவன் வெப்பான்?" என்றாள்.

"போன்லதானேடி வேணாம்னேன்? கிளாஸ்ல மூடிகினா நிக்கறேன்?"

சுஜாக்கா கையிலிருந்த மார்க்கரின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

"வேலையத் தூக்கிகினு போன, சரி. பாடத்தத் தூக்கிகினு போன, அதுவும் சரி. உன் எடத்துல என்னைக் குந்தவெச்சுட்டு, என் எடத்துல நீ குந்திகின பாரு." அக்கா அதை முடிக்கவில்லை. "தைலம் வேலை செஞ்சுதா? அம்மாவுக்கு?"

சுஜாக்கா அழுதாள். அக்கா அழவில்லை. பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் நான் பொறுக்கமுடியாமல் ஸ்பீக்கரை வெளியே எடுத்துக் காட்டினேன். "இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போகல. சாருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறேன். உன் குரலு கீதுல்ல, பத்தாது?"

"என் குரல, என்னைக் கேக்காம?"

"உனக்காகத்தான்க்கா!"

"அவளும் கேக்காமதான் தூக்கிகினு போனா. நீயும் கேக்காமதான் தூக்கிகினு வந்துகீற. இன்னா வித்தியாசம்?" பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "நீ டெல்லு தானே? சொல்லணும்னா உன் வாயால சொல்லு. என் வாய வெச்சு சொல்லாத" என்றாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே போனைக் கேட்டு வாங்கினாள். சத்தத்தைக் குறைத்து காதில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் லேசாகக் கேட்டது. மியாவ், கட்டில் சரியும் சத்தம், அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரிக்கும் சத்தம். அதற்குள் எந்தச் சிரிப்பு யாருடையது என்று பிரிக்கமுடியவில்லை. அக்கா முழுக்கக் கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அழிக்காத. யாருக்கும் போடவும் போடாத" என்றாள்.

இந்தச் சங்கதி சந்து முழுக்க எப்படிப் பரவியது என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை. ரமாபாய் அந்த ஆட்டோ வந்தால் இப்போது பால்கனியிலிருந்து உள்ளே போய்விடுகிறார். அவர் பார்க்காமல் போவது என்பது எங்கள் சந்தில் பெரிய தண்டனை. மஜீது பாய் ஆட்டோக்காரரிடம் டீ கிளாஸை நீட்டிவிட்டு, "உன் வண்டி முதுக எனக்குக் காட்டாம நிறுத்துப்பா" என்றாராம். கோவிந்தம்மா, தன் பேர் அதில் இல்லாதது அல்லாவும் அம்மனும் சேர்ந்து செய்த காரியம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வகுப்பு நிற்கவில்லை. புதிதாகச் சில பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு லுக், ஸீ, வாட்ச் முடிந்து, ஸே, டெல் முடிந்து, ஹியருக்கு வந்து நின்றாள் அக்கா. பழைய ஆட்கள் நாங்கள் எல்லாரும் அன்றைக்கு லீவு போடாமல் வந்திருந்தோம். பாயின் அந்த ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. ரமாபாய்கூட வாசலில் வந்து நின்றுகொண்டார். லிசனுக்கு யாரை வைக்கப்போகிறாள் என்று எங்களுக்குள் பந்தயமே நடந்தது. நான் மஜீது பாய் என்றேன். கப்பலுக்குப் போகும் பையன் ஒருவன், தெருநாய் என்றான்.

அக்கா யார்டு ரயிலைச் சொல்லி முடித்தாள். கையிலிருந்த சாக்பீஸைக் கொஞ்ச நேரம் உருட்டினாள்.

"லிசன், சுஜா" என்றாள்.

"அடியே!" என்று ரமாபாய் வாசலிலிருந்து கத்தினார். "இன்னும் அவ பேரா? வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?"

"கெடைக்கல பாய்ம்மா" என்றாள் அக்கா. "ஒண்ணுவுடாம கேட்டவ அவதான். சும்மா காதுல வுழுந்திருந்தா, பாதிய வுட்டுட்டுப் போயிருப்பா. எனக்கும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்."

பிறகு புதிதாக வந்தவர்கள் பக்கம் திரும்பி, "சொல்லுங்க, ஹியர்னா யாரு?" என்று கேட்டாள்.